மான் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வரைபடம்: தர்மபுரியில் ‘ஓஸ்மாண்ட்’ செயலி

ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் கால் வைக்க இடம் இருக்காது. பரிசல் துறை, மீன் வறுவல் கடைகள், எண்ணெய் தேய்க்கும் பாறைகள் என்று எங்கும் கூட்டம். அதே நாளில், அதே மாவட்டத்தில், காட்டை ஒட்டிய ஏதோ ஓர் ஏரிக்கரையில் புள்ளிமான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். பார்க்க ஓர் ஆள்கூட இருக்கமாட்டார். அந்த ஏரிக்கரை எங்கே இருக்கிறது, அங்கே நிற்க நமக்கு அனுமதி உண்டா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு கைப்பேசிச் செயலி எவ்வளவு தூரம் பதில் சொல்லும் என்று பார்க்கவே ‘ஓஸ்மாண்ட்’ செயலியைத் தர்மபுரி மாவட்டத்தில் பயன்படுத்திப் பார்த்தேன்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ‘மியூல் டியர்’ என்ற பெரிய காது மானை வேட்டையாடுகிறவர்களுக்கும் இதே கூட்டப் பிரச்சினை உண்டு. அங்கே உரிமம் வாங்கிப் பொது நிலத்தில் வேட்டையாடலாம். எது பொது நிலம், எது தனியார் நிலம் என்று நிறம் பிரித்துக் காட்டும் ‘ஆன்எக்ஸ்’ போன்ற செயலிகள் அவர்களிடம் இருக்கின்றன. கூட்டம் சாலையோரத்தில் நிற்கும். அதைத் தவிர்க்க நினைப்பவர் இன்னும் உள்ளே நடப்பார்.

நம் ஊரில் அந்த வழி செல்லாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதும் குற்றம். காடு அரசு நிலம்தான். அதனாலேயே அது எவரும் நடமாடும் நிலமாகிவிடாது. ஆகவே தர்மபுரியில் மான் பார்க்க விரும்புகிறவர் காட்டுக்குள் மேலும் மேலும் போய் அல்ல, காட்டின் விளிம்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்துத்தான் கூட்டத்தைத் தவிர்க்க முடியும். இந்தச் செயலியை நான் எடைபோட்டது இந்த ஒரு கணக்கில்தான்.

எப்படி இயங்குகிறது

2004இல் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற திறந்த வரைபடத் திட்டத்தின் தகவல்களைக் கொண்டு ஓஸ்மாண்ட் இயங்குகிறது. வீட்டில் இருக்கும்போதே தமிழ்நாட்டு வரைபடத்தைத் தரவிறக்கிக்கொண்டால் போதும். டவர் இல்லாத மலையடிவாரத்திலும் ஜி.பி.எஸ். நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் சாலையில் இறங்கும்போது இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. வரைபடம் மட்டும் தடங்கலின்றி ஓடியது. இலவசப் பதிப்பில் சில வரைபடங்களை மட்டுமே தரவிறக்கலாம் என்றாலும், ஒரு மாநிலத்துக்குள் சுற்றுகிறவருக்கு அது தாராளம். உயரக்கோடுகள் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும்.

அந்தப் பணம் வீணல்ல. புள்ளிமான் சமதளத்தையும் மென்சரிவையும் விரும்பும்; கடமான் செங்குத்தான காட்டுச் சரிவுகளில் தங்கும். உயரக்கோடுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்தாலே, எந்த அடிவாரத்தில் எந்த மானை எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு புரிந்துவிடும். அதோடு நீர்நிலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மார்ச் முதல் மே வரையிலான வறட்சியில் தண்ணீர் உள்ள ஏரிதான் மான்களை இழுக்கும். ஊர்ச்சாலை கரையைத் தொடும், மறுகரையில் காடு தொடங்கும் என்ற அமைப்புள்ள ஏரிகளை வரைபடத்தில் தேடிக் குறித்துக்கொண்டேன். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கங்களில் இப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கின்றன. நாம் குறிப்பவை நம் கைப்பேசியிலேயே சேமிக்கப்படுவது நல்ல ஏற்பாடு.

சூரிய அஸ்தமன நேரத்தைத் திரையிலேயே காட்டும் வசதி எனக்கு மிகவும் பயன்பட்டது. மான்கள் மாலை வெயில் தணிந்ததும் வரும்; இருட்டத் தொடங்கினால் அதே தண்ணீருக்கு யானையும் வரும். எப்போது கிளம்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய அந்த நேரக் கணக்கு உதவுகிறது. திரையை அணைத்துவிட்டுப் பாதையை மட்டும் பதிவுசெய்தால் பேட்டரி அதிகம் இறங்குவதில்லை. திரை எரிந்துகொண்டே இருந்தால் பவர் பேங்க் அவசியம்.

எங்கே சறுக்குகிறது

மிகப் பெரிய குறை, நமக்கு மிகவும் தேவையான இடத்திலேயே இருக்கிறது. வரைபடத்தின் பச்சை நிறம் மரங்கள் இருப்பதைத்தான் சொல்கிறது. சட்ட எல்லையைச் சொல்வதில்லை. பச்சை இல்லாத புதர்க்காடு காப்புக்காடாக இருக்கலாம்; அடர்பச்சையாகத் தெரிவது யாரோ ஒருவரின் பட்டா நிலத்துத் தோப்பாக இருக்கலாம். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கிறது. அதன் விளிம்பில் நிற்கிறவர் செயலியின் கோட்டை மட்டும் நம்பி ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

இதற்கு மாற்று உண்டு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்களை 2017 முதல் இலவசமாகத் தரவிறக்கலாம். காப்புக்காடுகள் அவற்றில் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கின்றன. செயலியில் கண்ட இடத்தை அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுவிட்டு, வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் முறை. சரணாலயம் வழியாகச் செல்லும் பொதுச்சாலையில் கடந்து போகலாம். வண்டியை நிறுத்திக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. உள்ளே நடந்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு, தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலமெங்கும் 40 பாதைகள் இருக்கின்றன. முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம்.

தமிழ்ப் பெயர்கள் குறைவாக இருப்பது இரண்டாவது குறை. பெரிய ஊர்கள் தமிழில் தேடினாலும் கிடைக்கின்றன. மலைக்கிராமங்கள் பலவற்றுக்கு ஆங்கிலப் பெயர் மட்டுமே இருக்கிறது. சிற்றேரிகள் பலவற்றுக்குப் பெயரே இல்லை.

எந்த வரைபடமும் காட்டாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. குறுக்குவழி என்று வயலுக்குள் இறங்குகிற மனிதரையும் அந்தக் கம்பி விடாது. ஏரிக்கரைக்குப் போக ஊர்க்காரர்களிடம் வழி கேளுங்கள். கேட்ட வழியிலேயே திரும்புங்கள்.

யாருக்கு ஏற்றது

ஒகேனக்கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இந்தச் செயலி தேவையில்லை. தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர் தார்ச்சாலைதான், எந்த வரைபடமும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பைனாகுலரும் பொறுமையும் உள்ளவர்கள், காட்டின் விளிம்பில் அமைதியாக உட்காரத் தயாராக இருப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு மானைக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் ஆகியோருக்கு ஓஸ்மாண்டைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். இடம் தேடித் தருவதில் அது மிகவும் நன்று. எல்லை சொல்வதில் போதாது. அந்தப் பொறுப்பை நில அளவை வரைபடத்திடமும் வனத்துறையிடமும் விட்டுவிடுங்கள்.

பயன்படுத்துகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் தகவல் சேர்க்கலாம். உங்கள் ஊர் ஏரிகளின் தமிழ்ப் பெயர்களை அதில் எழுதிவையுங்கள். மான் வரும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் எந்தப் பொதுத்தளத்திலும் பகிராதீர்கள். நாட்டுத் துப்பாக்கியோடு மான் தேடுகிறவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது.