ஆசிரியர் கல்கியும் நாவலாசிரியர் கல்கியும்

பத்திரிகைதான் கல்கியைக் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. வாராவாரம் எழுதித் தீர வேண்டிய கட்டாயம் இல்லாதிருந்தால் அவர் இன்னும் உயர்ந்த நாவல்களைத் தந்திருப்பார் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் சம்மதமில்லை. பத்திரிகை இல்லையென்றால் நாவலாசிரியர் கல்கியே இல்லை. அவருடைய பலம், குறை இரண்டும் அங்கேதான் பிறந்தன.

அவர் நாவலுக்கு வந்த வழியைப் பாருங்கள். 'நவசக்தி'யில் திரு.வி.க.விடம் உதவியாசிரியர். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜி நடத்திய மதுவிலக்குப் பத்திரிகையான 'விமோசனம்'. அதன் பின் 'ஆனந்த விகடன்'. தலையங்கம், ஹாஸ்யக் கட்டுரை, சங்கீத விமரிசனம் என்று எழுதிக் கை பழகிய பிறகே, 1937-ல், 'கள்வனின் காதலி' தொடர்கதையாக வந்தது. 1941-ல் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி'யைத் தொடங்கிய பின் அவருடைய பெரிய நாவல்கள் எல்லாம் அதிலேயே வெளியாயின.

முகம் தெரியாத வாசகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசும் வித்தையை இந்த உத்தியோகம் அவருக்குக் கற்றுக் கொடுத்தது. 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னின் ஆரம்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சோழ நாட்டுக்குள் நம்மை அழைத்துப் போக வேண்டும். அவர் கல்வெட்டைக் காட்டி மிரட்டவில்லை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனைக் குதிரைமேல் வரவிடுகிறார். பதினெட்டாம் பெருக்கு நமக்குத் தெரிந்த பண்டிகை. தெரிந்ததைப் பிடித்துக் கொண்டே தெரியாததற்குள் இறங்கிவிடுகிறோம்.

குறையும் இதே இடத்தில்தான். அவர் வாசகனைத் தனியே விடுவதில்லை. தொடர்கதை எழுதியவன் என்ற முறையில் எனக்குத் தெரியும்: ஏழு நாள் காத்திருப்பவனுக்கு அத்தியாய முடிவில் ஒரு திடுக்கிடல் வேண்டும், அடுத்த வாரம் பழைய சம்பவத்தை நினைவூட்டவும் வேண்டும். ஐந்து பாகங்களையும் சேர்த்துப் படிக்கிறவனுக்கோ இவை அலுப்புத் தருகின்றன. 1954-ல் கதை முடிந்ததும் பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அங்கே பேசியது பத்திராசிரியர். நாவலாசிரியர் மௌனமாக இருந்திருக்கலாம்.

'அலை ஓசை' ஒன்றுதான் இந்தக் கணக்கில் அடங்காதது. தேசப் பிரிவினையின் கோரத்தை, இரத்தம் உலருமுன் 1948-லேயே அவர் கதையாக்கத் துணிந்தார். எதிர்பாராத சந்திப்புகளும் உறவு ரகசியங்களும் அதிலும் ஏராளம். ஆனால் சீதாவின் துயரத்துக்கு அடுத்த வாரம் வரப்போகும் சமாதானம் எதுவும் அவர் கையில் இல்லை. தலையங்கத்தில் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர், இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாமல் நிற்கிறார். தம் எழுத்தில் நிலைக்கத் தகுந்தது இதுவே என்று அவரே கருதினார். அவர் மறைந்த பிறகு, 1956-ல், சாகித்திய அகாதமி பரிசும் இதற்கே கிடைத்தது.

ஆனாலும் வந்தியத்தேவனைத் தெரிந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடச் சீதாவைத் தெரியுமா என்பது சந்தேகம். கல்கி நமக்கு வாசிக்கும் பழக்கத்தைக் கொடுத்தார். அவர் கொடுத்த பழக்கத்தைக் கொண்டே அவருடைய சுலபமான புத்தகத்தோடு நின்றுவிட்டோம். 'பொன்னியின் செல்வ'னை மூன்றாம் முறை எடுக்கப் போகிறவர்கள், இந்தத் தடவை 'அலை ஓசை'யை எடுத்துப் பாருங்கள்.