நாலு பேரல் கார்புரேட்டரை எப்படி ரசிப்பது?

காரவள்ளியைத் தாண்டி கொல்லிமலை ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். புதிய காரில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து கொடுத்துவிடும். பழைய காரில் அந்தப் பொறுப்பு முழுக்க கார்புரேட்டருக்கு. அதைச் சரியாக வைத்த மெக்கானிக்கின் திறமை, அந்த மலை ஏறும் வழியில் வளைவுக்கு வளைவு தெரியும்.

ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் அம்பாசடரிலும் பத்மினியிலும் பெரும்பாலும் ஒற்றைத் தொண்டை ஸோலெக்ஸ்தான். அமெரிக்காவின் பெரிய எட்டு சிலிண்டர் கார்களுக்கு அது போதவில்லை. 1952-இல் ப்யூக், காடிலாக் கார்களில் நாலு தொண்டையுள்ள நாலு பேரல் வந்தது. 1957-இல் ஹோலி நிறுவனத்தின் 4150 வந்தது. சாதாரண ஓட்டத்துக்கு முன் இரண்டு பேரல் போதும். நன்றாக மிதித்தால்தான் பின் இரண்டும் திறக்கும். சிக்கனத்தையும் வேகத்தையும் ஒரே பொருளில் அடக்கிய யோசனை இது.

பொருத்தும்போது பாருங்கள்

நல்ல கைக்காரர் புது பேக்கிங் வைத்து, நான்கு நட்டுகளையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவார். ஒரே மூலையில் இறுக்கினால் அடித்தட்டு வளைந்து ஏர் லீக் ஆகும். அடுத்து, ஒருவரை ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, உள்ளே தகடுகள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்ப்பார். எஞ்சின் நின்றிருக்கும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டர் லிங்க்கை அசைத்த கணமே, முன் பேரல் ஒவ்வொன்றிலும் மெல்லிய பெட்ரோல் கம்பி பாய வேண்டும். அது தாமதித்தால் வண்டி பிக்கப்பில் திணறும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

டியூனிங்கைக் கேளுங்கள்

கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குரூவை மெதுவாக உட்காரும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துவிட்டு, எஞ்சின் சூடான பிறகு தொடங்குவது வழக்கம். உள்ளே திருகத் திருக ஒரு கட்டத்தில் எஞ்சின் தடுமாறும். அங்கிருந்து சற்று வெளியே எடுத்தால் ஓட்டம் சீராகும். இரு பக்க ஸ்குரூவும் ஒரே அளவில் நிற்க வேண்டும். வேக்கம் கேஜ் மாட்டினால் முள் மிக உயரத்தில், ஆடாமல் நிற்கும் இடமே சரியான இடம். காது தேர்ந்தவர் கேஜ் இல்லாமலே அந்த இடத்தில் கையை எடுத்துவிடுவார்.

மலையில் கவனியுங்கள்

ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். கார்புரேட்டர் விடும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவை பெட்ரோல் பக்கம் சாயும்; சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும்; ஸ்லோ ஸ்பீடில் எஞ்சின் கனத்து ஓடும். வேக்கம் கேஜில் 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். கீழே 18 காட்டியது மேலே 15 காட்டினால் பயப்பட வேண்டாம்; அது உயரத்தின் கணக்கு.

வளைவுகள் இன்னொரு சோதனை. வண்டி சாய்ந்து திரும்பும்போது மிதவை அறையில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். மிதவை மட்டம் சரியில்லாத வண்டி அங்கே இருமும், சிலசமயம் ஆஃப் ஆகிவிடும். மட்டம் சரியாக வைத்த வண்டி மூச்சு மாறாமல் வளையும். வளைவு முடிந்து நேர்ச்சாலையில் ஓட்டுநர் மிதிக்கும்போது, பின் பேரல்கள் திறந்து எஞ்சினின் குரல் கனத்து ஆழமாகும். ஜன்னலை இறக்கிவைத்துக் காத்திருக்க வேண்டிய ஒலி அதுதான்.

மேலே சேர்ந்து, எஞ்சின் ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் கலவை சரி, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு.

மேலே ஸ்குரூவையோ ஜெட்டையோ மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை: இறங்கியதும் பழைய அளவுக்கே திருப்பிவிடுங்கள். மலைக்காற்றுக்கு வைத்த கலவை சமவெளியில் பெட்ரோல் போதாமல் எஞ்சினைச் சூடாக்கும்.