வால் கணக்கு: நியூசிலாந்தின் மான்கொல்லிகளும் அவர்களது வரலாற்றைக் காப்பவர்களும்

வேட்டைக்காரர்களின் வரலாறு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நமக்குத் தெரிந்த வேட்டைப் பிரதிகள் அப்படி. செத்த புலியின் மேல் பூட்ஸ் காலை வைத்து நிற்கும் துரை. படத்தின் ஓரத்தில், பெயரில்லாமல், தடம் பார்த்துக் கொடுத்த ஆள். ஆகவே வெலிங்டனில் இருக்கும் நண்பர் நியூசிலாந்தின் மான்வேட்டையாளர்களைப் பற்றிய ஒரு கட்டுப் புத்தகங்களை அனுப்பிவைத்தபோது, ‘இதுல நமக்கு என்ன இருக்கு’ என்றுதான் பிரித்தேன். இருந்தது. இவர்கள் துரைகள் அல்ல. சம்பளத்துக்குச் சுட்டவர்கள். ஊரார் ‘கல்லர்’ என்று ஆங்கிலத்தில் அழைத்த அரசாங்கக் கூலியாட்கள். தமிழில் மான்கொல்லிகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மானின் கதை. வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் சுயமாக இல்லாத தீவுகள் அவை. 1851 தொடங்கி பிரிட்டிஷ் குடியேறிகள் அங்கே செம்மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கிலாந்தில் மான் பிரபுவின் சொத்து. ஏழை சுட்டால் திருட்டு. புது நாட்டில் அந்த நியாயத்தைக் கொஞ்சம் தளர்த்தி, எல்லோரும் கனவான்களாகலாம் என்று கனவு கண்டார்கள். இதற்கென்றே சங்கங்கள் வைத்தார்கள், சட்டம் போட்டு மானைக் காத்தார்கள். 1870களில் இலங்கையிலிருந்து கடமான்கூட மனவாட்டுப் பகுதிக்குப் போயிருக்கிறது. ஈழத்தில் மரை என்போமே, அதேதான். ஏகாதிபத்தியம் மனிதர்களை மட்டும் கப்பலேற்றவில்லை.

பிறகு மான் பெருகியது. காடு மேயப்பட்டது, மலைச்சரிவு அரிக்கிறது, சமவெளியில் வெள்ளம் வருகிறது என்றார்கள். 1930இல் சட்டப் பாதுகாப்பு முழுக்க நீங்கியது. 1931 முதல் உள்துறை இலாகா, கேப்டன் யெரெக்ஸ் என்பவரின் பொறுப்பில், ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி மலைக்குள் அனுப்பியது. விருந்தாளி, பகைவன் ஆனான். ஒரே விலங்கு, மாறியது சொல்லாடல்தான். ‘தொல்லை’ என்ற சொல் நிர்வாகத்தின் அகராதியில் ஏறிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கூலி இரண்டு பாகம். சம்பளம் ஒன்று, கொன்ற தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை ஒன்று. கொன்றதற்குச் சாட்சி, வால். மாதக்கணக்கில் மலையில் கிடந்து, ஈர உடுப்போடு தூங்கி, பாலமில்லாத ஆறுகளைக் கடந்து அவன் கீழே கொண்டுவருவது வால்கட்டு. அதிகாரி எண்ணுகிறார். எண் கோப்பில் ஏறுகிறது. வால் அழுகிப்போகும், எண் நிற்கும். அரசின் ஆவணக்காப்பகத்தில் மான்கொல்லியின் இருப்பு என்பது இதுதான்: இத்தனை வால். ஆறு கொண்டுபோனவர்களும் உண்டு. வால் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

இந்த இடத்தை நிரப்பியது இலக்கியம். பாரி கிரம்ப் 1950களில் இந்த வேலையைப் பார்த்தவர். 1960இல் வெளியான அவருடைய ‘எ குட் கீன் மேன்’ அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த புத்தகம். தலைப்பைக் கவனிக்க வேண்டும். ‘நல்ல துடிப்பான ஆள்’ என்பது மேலதிகாரி பயன்படுத்தும் தொடர். ‘நல்ல துடிப்பான ஆளை அனுப்புறேன்’ என்பார். வந்து சேர்பவன் ஒன்றுக்கும் உதவாதவனாக இருப்பான். ஆள்பிடிக்கும் பாஷை மீதான கேலி அது. வாசக சமூகமோ கேலியைத் தள்ளிவிட்டுத் தலைப்பை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டது. கூலியாள் தேசிய நாயகனானான். ஈரம், பசி, தனிமை, கூலித்தகராறு எல்லாமே சிரிப்புக்கான சம்பவங்கள் ஆகிவிட்டன. கிரம்ப்பின் நகைச்சுவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பல இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் ஒரு தொழிலாளி தன் முறையீட்டை நகைச்சுவையாக மட்டுமே சொல்ல முடிகிறது என்றால், அந்தச் சிரிப்பை நாம் கட்டுடைத்துத்தான் ஆகவேண்டும்.

இன்னொரு பிரதி கட்டின் அடியில் கிடந்தது. ஜீன் வாட்சன் 1965இல் எழுதிய ‘ஸ்டாண்ட் இன் த ரெயின்’. கிரம்ப்போடு சில ஆண்டுகள் வாழ்ந்தவர். வேட்டையிலும் கிடைத்த வேலையிலும் பிழைக்கும் ஒருவனோடு இடம்விட்டு இடம் அலையும் பெண்ணின் குரல் அந்த நாவலில் பேசுகிறது. சத்தமே இல்லாத நடை. ஆண் பிரதியில் ‘சுதந்திரம்’ என்று வருவது இங்கே நனைந்த போர்வை, காத்திருத்தல், அடுத்த வேளைக்கு என்ன என்ற கேள்வி. மான்கொல்லிகளின் வரலாற்றைச் சேகரிக்கிறோம் என்பவர்கள் கிரம்ப்பைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். வாட்சன் நாவல் பெண்ணெழுத்து என்ற தனி அலமாரிக்குப் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவேண்டும் என்பது என் கட்சி.

இந்த வாட்சன்தான் 1980களில் நம் நிலக்கோட்டையில் கருணை இல்லம் என்ற குழந்தைகள் காப்பகம் உருவாகக் காரணமானவர். 2014இல் இறந்தார். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அப்படி ஒரு நாவலாசிரியர் அந்தத் தெருக்களில் நடந்தார் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நம் ஆவணப்படுத்தலின் லட்சணமும் அவ்வளவுதான்.

காப்பவர்களிடம் வருவோம். 1956இல் மான் கட்டுப்பாடு வனத்துறைக்கு மாறியபின் மலைகளுக்குள் பாதைகளும், தொங்குபாலங்களும், நாலு பேர் படுக்கும் சிறு குடில்களும் போடப்பட்டன. பலவற்றுக்குச் சாமான்கள் விமானத்திலிருந்து போடப்பட்டவை. பின்னர் ஹெலிகாப்டர் வந்தது. இறைச்சி ஏற்றுமதிக்காக வானிலிருந்தே சுட்டார்கள், பண்ணைக்காக வலைவீசி உயிரோடு பிடித்தார்கள். நடந்துபோய்ச் சுடுபவனின் காலம் முடிந்தது. 1987இல் வனத்துறையே கலைக்கப்பட்டு, குடில்கள் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கைக்கு வந்தன. இன்று அதன் வசமுள்ள குடில்கள் 950க்கு மேல். அவற்றில் பல மான்கொல்லிகளுக்காகக் கட்டியவை. ஆள்நடமாட்டமில்லாத குடில்களைத் தன்னார்வலர்கள் தங்கள் செலவில் கூரை மாற்றி, பாதை வெட்டிக் காப்பாற்றுகிறார்கள். ஒரு குழுவின் பெயரே ‘பெர்மொலாட்’. அந்தக் காலத்தில் பாதை காட்ட மரத்தில் அடித்த அலுமினியத் தகட்டின் பெயர் அது. இந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் இரண்டு விஷயங்களைப் பற்றி அவர்களிடம் பேச்சு எழுவது அரிது. ஒன்று, சூழலியலாளர் கிரேம் காஃப்லி 1983இல் ‘த டியர் வார்ஸ்’ நூலில் எழுப்பிய கேள்வி. மான்தான் அரிப்புக்கும் வெள்ளத்துக்கும் காரணம் என்ற அடிப்படையே போதிய சான்றில்லாதது என்றார் அவர். அப்படியானால் அத்தனை பேரின் உழைப்பு எதற்காக? வீரக் கதையாடலுக்கு இந்தக் கேள்வி ஆகாது. எனக்கோ அந்த உழைப்பு இதனால்தான் இன்னும் கனமாகிறது.

மற்றது உரேவெரா. கிரம்ப் சுட்ட காடுகளில் ஒன்று. அது தூஹோய் மக்களின் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலப்பறிப்பு, 1916இல் மௌங்கபோஹாட்டுவில் ஆயுதப் போலீஸ், 1954இல் தேசியப் பூங்கா. 2014இல்தான் சட்டம் அந்தக் காட்டைத் தனி ஆளாக ஏற்று, தூஹோய் மக்களின் பொறுப்பில் பராமரிக்க வழிசெய்தது. 2022 இறுதியில் அவர்களது நிர்வாக அமைப்பு அங்கிருந்த பழைய குடில்களை அகற்றத் தொடங்கியது; சில கொளுத்தப்பட்டன. வேட்டையாளர்கள் கொதித்தார்கள். ‘வரலாற்றை எரிக்கிறார்கள்’ என்றார்கள். யாருடைய வரலாற்றை என்று நான் கேட்கலாம், கேட்பது சுலபம். ஆனால் வழக்குப் போட்டு நிறுத்தியவரும் ஒரு தூஹோய்தான். அந்தக் காட்டில் வேட்டை என்பது அந்தக் குடும்பங்களுக்குச் சாப்பாடு. ஆக, வெள்ளை நினைவு ஒருபக்கம், பூர்வகுடி நினைவு மறுபக்கம் என்று நம் வசதிக்கு எதிர்வு கட்ட முடியவில்லை. குடில் நிற்பதா விழுவதா என்பது தூஹோய் தங்களுக்குள் பேசித் தீர்க்கவேண்டியது என்றே நினைக்கிறேன். கூரை போனாலும் கூலிப் பதிவேடு இருக்கிறது. வயதான மான்கொல்லிகளின் பேச்சை ஒலிநாடாவில் பிடிக்கலாம். மூட்டை சுமந்த குதிரைக்காரர்களையும், வீட்டில் காத்திருந்த பெண்களையும் உட்காரவைத்துக் கேட்கலாம். நாளாக நாளாக ஆட்கள் குறைகிறார்கள்.

நண்பர் கடிதத்தில் ஒரு குடிலைப் பற்றி எழுதியிருந்தார். உட்பலகையில் பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடுகள், அன்றன்றைய மான்கள். ஓரிடத்தில் மூன்று கோட்டோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் ‘மழை’ என்று ஒரு சொல், அதன்கீழே மறுபடியும் ‘மழை’. பழுதுபார்க்கப் போனவர்கள் சுவர் முழுக்க வண்ணம் பூசிவிட்டு அந்தப் பலகையை மட்டும் விட்டிருக்கிறார்கள்.