ஒரே எஞ்சின், இரண்டு கரை

மலேசியாவின் கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா பக்கம் வாகனங்கள் ஊரத் தொடங்கினால் என் பழைய புரோட்டோன் சாகாவின் சூட்டு முள் மேலே ஏறும். வழி விட்டு ஓட ஆரம்பித்ததும் தானாக இறங்கிவிடும். கிள்ளானில் ஒரு பட்டறையில் காட்டினேன். பொமேன், அதாவது மெக்கானிக், பானட்டைத் தூக்கி ஒரு நிமிடம் பார்த்தார். "அங்கிள், காடி பழசு. ஹாஃப்-கட் எஞ்சின் ஒண்ணு இருக்கு, மாத்திடுங்க" என்றார். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களின் எஞ்சின் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. அதனால் நோயைத் தேடுவதற்கு முன்பே மாற்று வந்துவிடுகிறது. நான் காடியை வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன். இதே நோயை இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகப் பார்த்ததை நேரில் கண்டவன் நான்.

என் அப்பா வழி தமிழ்நாடு, அம்மா வழி யாழ்ப்பாணம். தமிழ்நாட்டில் ஏறியது பழைய அம்பாஸடர். யாழ்ப்பாணத்தில் ஏறியது ஆஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ். வெளியே பார்க்க உறவே இல்லாத இரண்டு கார்கள். உள்ளே இருப்பதோ ஒரே பி-சீரிஸ் எஞ்சின், 1489 சிசி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து வங்காளத்தின் உத்தர்பாராவில் கட்டப்பட்ட அம்பாஸடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது. ஒரே எஞ்சின் என்பதால் அதன் சூட்டுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் முறையில் தெரிந்த வித்தியாசம் எஞ்சினால் வந்ததல்ல. ஊரின் நிலைமையால் வந்தது.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது அம்பாஸடர் கொதித்தது. ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் பானட்டைத் திறந்து வைத்தார். "மூடியில கை வச்சிடாதீங்க சார், மூஞ்சியில அடிக்கும். ஆறட்டும்." அரை மணி கழித்து ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, கால் திருகு திருகி ஆவியை விட்டார். எஞ்சின் ஓட ஓடவே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். காய்ந்து கிடக்கும் இரும்பு பிளாக்கில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் விரிசல் விடும். பிறகு மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். மேலே சுட்டது, கீழே சுடவில்லை. "ரேடியேட்டர் அடைச்சிருக்கு. எல்லாம் போர் தண்ணி பண்ற வேலை."

மதுரை திரும்பியதும் ரேடியேட்டர் கடை. மேல் தொட்டியை ஈயம் உருக்கிப் பிரித்து, தட்டைக் கம்பியைக் குழாய் குழாயாக விட்டுக் குத்தினார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு பொடிப் பொடியாகத் தரையில் கொட்டியது. மறுபடி ஈயம் வைத்து ஒட்டி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்துக் கசிவு பார்த்தார்கள். அந்தக் கைவேலையை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் தெர்மோஸ்டாட் எங்கே என்று கேட்டபோது, "அதைக் கழட்டி வருஷமாச்சு சார், நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?" என்றார் ஓட்டுநர். இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் சூடு உண்டாக்கும் பொருளல்ல. எஞ்சின் அதற்குரிய சூட்டுக்கு வரும்வரை தண்ணீரைத் தடுத்து வைத்து, பிறகு திறந்துவிடும் கதவு. அதைக் கழற்றினால் எஞ்சின் ஆறிய நிலையிலேயே ஓடித் தேயும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். தமிழ்நாட்டில் எதையும் கழற்றிப் பார்ப்பது சுலபம். சென்னை என்றால் புதுப்பேட்டையில் இல்லாத சாமானா? தப்பாகக் கழற்றினாலும் இழப்பு சின்னது.

யாழ்ப்பாணத்துக்கு நான் போனது 2003இல், போரில் மூடிக் கிடந்த ஏ9 வீதி திறந்து ஓராண்டு கழித்து. 1990 தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெட்ரோல், பற்றரி, வாகன உதிரிப் பாகம் எதுவும் குடாநாட்டுக்குள் ஒழுங்காக வரவில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய சாமான் மலையாகக் கிடந்த அதே காலத்தில் இங்கே ஒரு கேஸ்கட்டுக்கு வழியில்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோலை காபரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

உறவினரின் ஏ55 கொதிக்கிறது என்று வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் ரேடியேட்டர் பக்கமே போகவில்லை. ஒயில் கம்பியை உருவி, இரண்டு விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். "மண்ணெண்ணெய் எரியாமல் கீழை இறங்கி ஒயிலோடை கலந்திடும் தம்பி. அப்ப ஒயில் தண்ணியாப் போய் எஞ்சின் சூடேறும். அந்த நாளிலை முதல் வேலை இதை மணந்து பாக்கிறதுதான்." பெட்ரோல் வந்து ஒரு வருடமாகியும் அவர் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒயிலில் மண்ணெண்ணெய் வாடையும் இல்லை, பால் நிறமும் இல்லை. பிறகு ஆறிய ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடாமல் ஸ்டார்ட் செய்து, தண்ணீர்ப் பரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். குமிழி வரவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். கேஸ்கட் கசிந்து தண்ணீர் போகும் சிலிண்டரின் பிளக் கழுவி விட்டதுபோல் இருக்குமாம். நான்கும் ஒரே நிறம். நீண்ட திருப்புளியின் கைப்பிடியைக் காதில் வைத்து வோட்டர் பம்பின் பெயரிங்கைக் கேட்டார்.

"ஹெட்டைத் திறக்கத் தேவையில்லை" என்றார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா என்று கேட்டேன். "கழட்டினா மண்ணெண்ணெயிலை ஓடாது. அதுக்குச் சூடு வேணும்." உண்மைதான், மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு தேவை. ஆனால் அதற்கு ஆக்டேன் குறைவு என்பதால் எஞ்சின் தட்டும். தட்டாமலிருக்க டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பெட்ரோல் வந்த பிறகும் இந்தக் காரில் அதை யாரும் திருப்பி வைக்கவில்லை. நெருப்பு பிந்திப் பிடித்து, சக்தியாக வேண்டியது சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, ஒரு மயிரிழை திருப்பி இறுக்கினார். வேறு ஒரு சாமானும் மாற்றவில்லை. தடைக்காலம் அந்தக் காரை விட்டு அப்போதுதான் இறங்கியது போலிருந்தது எனக்கு.

திறந்தால் திரும்ப மூட கேஸ்கட் இல்லை என்ற நிலைமை அவரைத் திறக்காமலே அறிய வைத்தது. அந்தத் திறமைக்குக் கொடுத்த விலை பெரிது. அப்படியொரு காலம் யாருக்கும் வரக்கூடாது. ஆனால் அவருடைய வரிசை பழைய காருக்கு எந்த ஊரிலும் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்வேன். எங்கள் காடிகளுக்கு இன்னும் அவசியம். பி-சீரிஸின் ஹெட் இரும்பு. ஓரிரு கொதி தாங்கும். 1985இல் வந்த சாகாவின் மிட்சுபிஷி எஞ்சினில் ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடும். கொடைக்கானல் ஓட்டுநரைப் போல ஊற்றி ஊற்றி ஓட்ட அதில் இடமில்லை.

வீட்டில் அவர் வரிசையிலேயே பார்த்தேன். ஒயில் சுத்தம். குமிழி இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். கொதிக்கும் முன்பே வாய் திறந்தது. ஓஸ் இரண்டும் சுட்டன. நெரிசலில் ஏறி, ஓட்டத்தில் இறங்கும் சூடு என்றால் காற்றுதான் குறை. அம்பாஸடரில் ஃபேன் பெல்ட்டில் சுற்றும். சாகாவில் மின்சாரத்தில் சுற்றும். பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தேன், சுற்றியது. ஃபியூஸ், ரிலே நன்றாக இருந்தன. செத்திருந்தது ரேடியேட்டரில் திருகியிருந்த ஃபேன் சுவிட்ச்.

புதியது மாட்டி மறுவாரம் பத்து தீகா நெரிசலில் நின்றேன். முள் பாதியைத் தாண்டியது. ரேடியோவை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். முன்னால் ஃபேன் சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது.