கயிறு பிடித்தவன் எங்கே?

சிகரம் ஏறிய அனுபவத்தைக் கூறும் பயணக் கட்டுரைகளுள் கிலிமஞ்சாரோவுக்குத் தனியிடம் உண்டு. தன்சானியாவில் 5,895 மீற்றர் உயர்ந்து நிற்கும் இவ்வெரிமலையின் உச்சியில் இன்னும் பனிப்பாளங்கள் எஞ்சியுள்ளன. மலையேற்றத்திற் பயிற்சியில்லாதவரும் வழிகாட்டியின் துணையுடன் ஐந்தாறு நாட்களில் ஏறி இறங்க முயலலாம். திரும்பி வந்தவர் எழுதுகின்றார்: "நான் வென்றேன்." இவ்விரு சொற்களையே நாம் இங்கு விமரிசிக்க முற்படுகின்றோம்.

குன்றொன்றேனும் இல்லாத மன்னார்த் தீவிலிருந்து மலையைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் கேட்கலாம். எம்மிடம் பயிலும் மாணவர்கள் இத்தகைய கட்டுரைகளையே நல்ல தமிழுக்கு மாதிரியாகக் கொள்கின்றனர். 'சாதனை' என்று தலைப்புக் கொடுத்தால், சுழியோடியின் மகனும் தான் காணாத பனிமலையையே எழுதுகின்றான். தன் தந்தையின் தொழில் எழுதத் தக்கதன்று என்று அவனுக்குக் கற்பித்தது யார்? இக்கேள்வியிலிருந்தே எமது விமரிசனம் பிறக்கின்றது.

இக்கட்டுரைகளின் நயங்களை நாம் மறுக்கவில்லை. நள்ளிரவுக் குளிரையும், உச்சியிற் கண்ட விடியலையும் அவை உயிரோட்டத்துடன் தீட்டுகின்றன. ஆயினும் கூடாரத்தையும் அரிசியையும் சுமந்து முன்னே சென்றவன் அவற்றில் பெரும்பாலும் ஒரு புன்னகையாக மட்டுமே வந்து மறைகின்றான். அவன் சுமை இருபது கிலோவுக்கு மேற்படலாகாது என்பது விதி. விதி ஒன்று வேண்டியிருந்தது என்பதே அம்மலையின் வரலாற்றில் ஓர் அத்தியாயம். உச்சியின் பெயர் 'உகூரு'. சுவாகிலி மொழியில் அதன் பொருள் விடுதலை. அப்பெயரைப் போற்றும் எழுத்து, சுமப்பவனின் கூலியைப் பற்றி மௌனம் சாதிப்பது முரண் அல்லவா?

இரண்டாவது குறை காலத்தைப் பற்றியது. மரங்கு வழியில் முதல் இரவு 2,720 மீற்றர், இரண்டாம் இரவு 3,720, மூன்றாவது 4,720. நள்ளிரவில் எழுந்து உச்சிக்குப் புறப்பட வேண்டும். மூவாயிரம் மீற்றருக்கு மேலே, உறங்குமிடத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்நூறு மீற்றருக்கு அதிகமாக உயர்த்தலாகாது என்பது மருத்துவர் அறிவுரை. உச்சியிற் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே; உடல் அதற்குப் பழக நாட்கள் வேண்டும். ஆனால் பூங்காக் கட்டணம் நாட்கணக்கில் அறவிடப்படுகின்றது. நாள் குறைந்தால் செலவும் குறையும். தலைவலியையும் வாந்தியையும் மனவுறுதிக்கு வந்த சோதனையாக வருணிக்கும் எழுத்தாளர், அவை கணக்கேட்டின் விளைவு என்பதைக் காணத் தவறுகின்றார்.

இவ்வுண்மையை மன்னார்க் கரை நன்கறியும். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் அன்று நடந்த முத்துக்குளிப்பும் சில வாரங்களுக்குள் முடிய வேண்டிய தொழிலே. கல்லைக் காலிற் கட்டி ஒருவன் மூழ்குவான். தோணியில் நின்று மற்றவன் கயிறு பிடிப்பான். மைத்துனனையே கயிறு பிடிக்க வைப்பர் என்ற பேச்சு இன்றும் தமிழரிடையே வழங்குகின்றது. தங்கையின் தாலிக்காகவேனும் அவன் கைவிடான் என்ற நம்பிக்கை! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு, இரு பங்கு அரசுக்கு. முத்தின் ஒளியைப் பாடியவர் பலர். கயிற்றில் உராய்ந்த கையை எழுதியவர் எத்தனை பேர்?

1906ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் அரசாங்க உத்தியோகத்தராகப் பணியாற்றியவர் லெனார்ட் வுல்ஃப். 1921இல் வெளியான அவரது 'முத்துக்களும் பன்றிகளும்' என்ற ஆங்கிலச் சிறுகதையில், கடலில் மாண்ட அராபியச் சுழியோடி ஒருவனின் உடலைத் தோழர்கள் கரைக்குக் கொணர்கின்றனர். அச்சாவின் கண்ணியத்தின் முன் ஆளவந்தோரின் வீராப்பு சிறுத்துப் போகின்றது. ஆளும் வர்க்கத்திலிருந்து வந்தவரே தம் வர்க்கத்தை விலகி நின்று நோக்கினார். உழைப்பாளர் வழிவந்த நாம் அதைச் செய்ய இயலாதா?

இன்று கடலட்டைக்கும் சங்குக்கும் காற்றுச் சிலிண்டருடன் மூழ்குகின்றனர். ஆழத்தில் நெடுநேரம் இருந்தவன் விரைந்து மேலெழுந்தால் குருதியில் நைதரசன் குமிழிகள் தோன்றும். கைகால் முடங்கவும் கூடும். மலையிலும் மெல்ல ஏற வேண்டும். கடலிலிருந்தும் மெல்ல எழ வேண்டும். இரு இடத்திலும் அவசரத்தின் விலையை உடலே கொடுக்கின்றது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பயணி தன் விருப்பால் விரைகின்றார். சுழியோடியை விரைவிப்பது வீட்டு அடுப்பு.

மலையேறுவோர் ஏறட்டும், எழுதுவோர் எழுதட்டும். ஆனால் சுமந்தவனின் உழைப்பையும், குறைத்த நாட்களின் கணக்கையும் சேர்த்து எழுதட்டும். அவ்வாறு எழுதும்போது 'நான் வென்றேன்' என்பது 'நாம் ஏறினோம்' என்று தானாகவே மாறும். அத்தகைய எழுத்தைப் படிக்கும் எமது மாணவன், சாதனை என்ற தலைப்பின் கீழ்த் தன் தந்தையின் பெயரை எழுதக் கூசமாட்டான்.