விண்டோஸ் 11க்கு மாறலாமா?

கொஞ்ச நாளாக நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று காட்டுகிறது, என்ன செய்ய? என் மடிக்கணினி தகுதிப் பட்டியலில் இருக்கிறது, மாறியும் ஆயிற்று. அதனால் கீழே எழுதியிருப்பது சொந்தக் கடுப்பு இல்லை.

4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் இன்று பிரச்சினையே அல்ல. இடிப்பது இரண்டு இடத்தில்: டிபிஎம் 2.0, அப்புறம் பிராசசர் பட்டியல்.

டிபிஎம் என்பது சாவிகளைத் தனியே பூட்டி வைக்கும் சின்னப் பெட்டகம். வட்டை மறையாக்கம் செய்து வைத்திருந்தால், யாராவது அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் கோப்புகளைப் படிக்க முடியாது. நியாயமான நிபந்தனைதான். எனக்கு இதில் சண்டை இல்லை.

பட்டியல்தான் உறுத்துகிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. ஆனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றிலும் டிபிஎம் 2.0 இருக்கிறதே! பயாஸுக்குள் போய் பிடிடி என்பதை இயக்கிவிட்டால் போதும். அப்படியானால் அவற்றை ஏன் தள்ளினார்கள்?

2021 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு கணக்குச் சொன்னது. தகுதியில்லாத கணினிகளில் கெர்னல் அளவிலான முடக்கங்கள் 52% அதிகமாம், தகுதியுள்ளவற்றில் 99.8% முடக்கமில்லாத அனுபவமாம். இரண்டு எண்ணும் ஒரே அளவைப் பற்றியவை என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: 0.2 என்பது சுமார் 0.3 ஆகிறது, அவ்வளவுதான். அதுவும் டிபிஎம்மே இல்லாத பழைய பெட்டி, 2017இல் வாங்கிய நல்ல கணினி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி எடுத்த கணக்கு.

அதே அறிவிப்பில் இன்னொரு வேடிக்கை. ஏழாம் தலைமுறையின் கோர் 7820எச்கியூ சிப்புக்கும் கதவு திறந்தது, புதுவகை டிரைவர்களோடு விற்ற கணினிகளுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2க்குள் இருப்பது அந்தச் சிப்தான். சரி, அளவுகோல் டிரைவர் என்றால் எல்லாரிடமும் டிரைவரைத்தானே சோதிக்க வேண்டும்? தலைமுறையை ஏன் கேட்கிறார்கள்?

புது வசதி வேண்டாம் என்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டியதுதான் என் புகார்.

இனி என்ன செய்யலாம்? தகுதியுள்ள கணினி என்றால் யோசிக்காமல் மாறிவிடுங்கள். டாஸ்க்பார் நடுவில் இருப்பது இரண்டே நாளில் பழகிவிடும். (பிடிக்காவிட்டால் இடப்பக்கம் தள்ளிக்கொள்ளலாம்.) தகுதியில்லாவிட்டால் 2026 அக்டோபர் 13 வரையிலான நீட்டிப்பு அப்டேட்டில் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. இல்லையென்றால் 30 டாலர். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி 11ஐ ஏற்றும் குறுக்குவழியும் உண்டு. வேலைக்கான கணினியில் அதை நான் சொல்லமாட்டேன். அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்டே கைகழுவிவிட்டது.

பிரவுசர், கடிதம், பிடிஎஃப் மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். டேலியில் கணக்கு எழுதுபவருக்கு அந்த யோசனை உதவாது. அவர் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செகண்ட்ஹேண்ட் கணினி ஒன்றைத் தேடுவது மேல். கடைக்காரர் ஐ5 என்று மட்டும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். செட்டிங்ஸைத் திறந்து, ஐ5க்குப் பின்னால் வரும் எண் 8இலோ அதற்கு மேலோ தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.