பேசும் முரசும் கேட்கும் செவியும்

ஆப்பிரிக்க முரசு என்றவுடன் ஆட்டமும் ஆரவாரமுமே நம் நினைவில் எழுகின்றன. கானா நாட்டு இசையறிஞர் குவாபெனா நிகெத்தியா, அக்கான் மக்களின் முரசறைதலைப் பற்றி 1963இல் வெளியிட்ட ஆங்கில நூல் இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. அக்கான் இனத்தாருள் ஒரு பிரிவினரே அசாந்தே மக்கள். அவர்தம் மண்ணில், மாம்போங் என்னும் ஊரில் பிறந்த ஆசிரியர், முரசை வெளியே நின்று வியக்கவில்லை. உள்ளே நின்று விளக்குகிறார்.

முரசறைதலை அவர் பேச்சு, அறிகுறி, ஆடல் என மூவகையாகப் பகுக்கிறார். இவற்றுள் பேச்சே நம் சிந்தனைக்குரியது. அசாந்தே மக்களின் துவி மொழியில் குரலின் ஏற்றத்தாழ்வு பொருளை வேறுபடுத்தும். 'அத்தும்பன்' என்னும் இணைமுரசில் ஒன்று தாழ்ந்தும் மற்றொன்று உயர்ந்தும் ஒலித்து, அந்த ஏற்றத்தாழ்வை எதிரொலிக்கிறது. ஆயினும் ஒரே ஏற்றத்தாழ்வு கொண்ட சொற்கள் பல உண்டு. ஆதலால் முரசு தனிச்சொற்களை நம்பி நிற்பதில்லை. வழிவழி வந்த நெடுந்தொடர்களையும் பட்டப்பெயர்களையும் பழமொழிகளையும் பேசுகிறது. அவற்றை முன்பே அறிந்தவருக்கு அது பேச்சு. அறியாதவருக்கு வெறும் ஓசை.

42 நாள் சுழற்சியில் வரும் அடாய் விழாவில் முரசறைவோர் மண்ணையும், முரசுக்குத் தன்னைத் தந்த மரத்தையும், மறைந்த முன்னோரையும் விளித்து அழைப்பார். வாழ்வோரும் இறந்தோரும் ஒரே அவையினராகின்றனர். எனினும் அம்முரசின் வரலாறு முழுவதும் தூயதன்று. 19ஆம் நூற்றாண்டில் அரசவை முரசுகளைப் பகைவரின் மண்டையோடுகள் அணிசெய்தன. பெண்கள் முரசறைய மரபு இடந்தரவில்லை. நூலின் நோக்கம் விளக்கமே, தீர்ப்பன்று. ஆனால் தேர்ந்து தெளியும் கடமை திருச்சபைக்கு உண்டு.

அதே 1963ஆம் ஆண்டு டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மறைபரப்பு நாடுகளின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கப் பணித்தது. குமாசியின் ஆயராக 1970இல் பொறுப்பேற்ற மானிடவியல் அறிஞர் பீட்டர் சார்போங், அரச பவனிக்குரிய முரசும் குடையும் நற்கருணைப் பவனியில் இடம்பெற வழிவகுத்தார். வரவேற்கத்தக்க துணிவு இது.

ஆயினும் நிகெத்தியாவின் நூல் நமக்கோர் எச்சரிக்கை தருகிறது. கருவியைக் கோயிலுக்குள் கொணர்தல் எளிது. அதன் மொழியறிந்த செவிகளை உருவாக்குதல் அரிது. அரசருக்குரிய பட்டப்பெயர்கள் இப்போது யாருக்குச் சொல்லப்படுகின்றன என்பதை இறைமக்கள் உணர்ந்தால், அம்முரசு விசுவாச அறிக்கையாகும். உணராவிடில் பவனிக்கு ஓர் அலங்காரமே. தெளிவற்ற எக்காளத்தைக் குறித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது முரசுக்கும் பொருந்தும். பண்பாட்டுமயமாதல் கருவிகளிலன்று, மறைக்கல்வியில் தொடங்குகிறது.